தாளம் தப்பிய இருதயம்

என் பெரியம்மாவுக்கு வயது 74. மயிலாப்பூரில், பழைய வீட்டை இடித்து விட்டுக் கட்டிய அடுக்கு மாடியில் கீழ்த் தளத்தில் இருக்கிறாள். கீழ்த் தளம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக் கொண்டாள். மூட்டு வலி காரணமல்ல. மாடிக்குப் போய் விட்டால் வாசலில் கோலம் போட முடியாதாம்!

சென்ற மார்கழியில் அந்தக் கோலம்தான் அவளைக் காப்பாற்றிற்று.

பதினைந்து புள்ளிக் கோலம். பாதி போட்டுக் கொண்டிருக்கும்போது இழை கோணிற்று. அழித்து விட்டு மறுபடி இழுத்தாள்; மறுபடியும் கோணிற்று. மூன்றாம் தடவை விரலிடுக்கிலிருந்து மாவு மொத்தமாகக் கொட்டி விட்டது. பால் வாங்க வந்த எதிர் வீட்டுப் பெண், "என்ன மாமி, இன்னிக்குக் கோலம் இப்படி?" என்று கேட்டாள். பெரியம்மா ஏதோ பதில் சொன்னாள். கேட்டவளுக்கு அது புரியவில்லை. வாயின் வலது ஓரம் லேசாக இறங்கியிருந்தது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. சோடா கொண்டு வா, காற்று வரட்டும் என்று கூட்டம் கூட்டிக் கொண்டிருக்காமல் நேரே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி. தலையை ஸ்கான் எடுத்தார்கள். மூளையின் ரத்தக் குழாயில் அடைத்திருந்த கட்டியைக் கரைக்க ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் பேச்சு திரும்பி விட்டது. கை மட்டும் பழைய நிலைக்கு வரப் பங்குனி வரை ஆயிற்று.

ஊசி போடுவதற்கு முன் அங்கிருந்த டாக்டர் கேட்ட கேள்வி: "அம்மா, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா?"

சாப்பிட வேண்டியவள்தான். ஒன்றரை வருஷமாகச் சாப்பிட்டு வந்தவள்தான். இரண்டு மாதத்துக்கு முன் யாரிடமும் சொல்லாமல் நிறுத்தி விட்டிருந்தாள். அதற்குப் பதிலாகக் காலையில் ஓர் இளநீர், மத்தியானம் ஒரு மக்னீசியம் மாத்திரை, இரவு இரண்டு வாழைப்பழம். "படபடப்பெல்லாம் உப்புச் சத்துக் குறைவால் வருவது. அதைச் சரி பண்ணி விட்டால் வேறு மருந்தே வேண்டாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று இன்று வரை அவள் வாயிலிருந்து வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், படபடப்பு உண்மையிலேயே நின்று விட்டிருந்தது! நின்று போன படபடப்பு எப்படிப் பக்கவாதத்தில் கொண்டு போய் விட்டது? இந்தக் கேள்வியை எடுத்துக் கொண்டு, என் கல்லூரித் தோழியின் தமையனார் ஒருவரிடம் போனேன். இருதய வைத்திய நிபுணர். இரண்டு மாலை வேளைகள் எனக்காக ஒதுக்கினார். அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வீட்டில் 60 வயது தாண்டியவர்கள் இருக்கும் சகோதரிகள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மேலறையில் நடுக்கம்

நம் இருதயத்துக்கு நாலு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது மேலறையின் மூலையில் கடுகளவு என்று சொல்லாவிட்டாலும் மிகச் சிறியதான ஒரு திசுக் கொத்து இருக்கிறது. 1907-ல் ஆர்தர் கீத் என்ற உடற்கூறு நிபுணரும், மார்ட்டின் பிளாக் என்ற வைத்திய மாணவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். நிமிஷத்துக்கு 60-லிருந்து 100 தடவை அது ஒரு மெல்லிய மின் துடிப்பை அனுப்பும். முதலில் மேலறைகள் சுருங்கும். ஒரு கணம் கழித்துக் கீழறைகள் சுருங்கும். கச்சேரியில் தாளம் போடுகிறவர் ஒருவரே. மற்றவர்கள் அவரைப் பார்த்து வாசிக்கிறார்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற வியாதியில், மேலறை முழுவதும் ஆளுக்கு ஒரு தாளம் போட ஆரம்பித்து விடுகிறது. நிமிஷத்துக்கு 350-க்கும் மேல், சில சமயம் 600 வரை கூட, துடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அந்த வேகத்தில் மேலறை சுருங்கவே முடியாது. வெறுமே நடுங்கிக் கொண்டிருக்கும். மேலுக்கும் கீழுக்கும் நடுவில் ஒரு காவற்காரன் உண்டு. அவன் எல்லாத் துடிப்புகளையும் கீழே விடுவதில்லை. தப்பித் தவறி வந்ததை எல்லாம் அனுப்புகிறான். அதனால் கையில் நாடி பிடித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கே இருக்காது. இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்று காணவே காணோம், உடனே மூன்று சேர்ந்தாற்போல். 1909-ல் லண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ராத்பெர்கர், விண்டர்பெர்க் என்ற இருவரும் ஈ.சி.ஜி. யந்திரத்தை வைத்து, இந்த ஒழுங்கற்ற நாடிக்குக் காரணம் மேலறை நடுக்கம்தான் என்று காட்டினார்கள்.

சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்குதல், தலை சுற்றல், மாடிப்படி ஏறினால் களைப்பு எல்லாம் இருக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. நம் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் "வாயுத் தொந்தரவு" என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்து விட்டுப் படுத்து விடுவார்கள். பெரியம்மாவுக்கு இது தெரிய வந்ததே தற்செயலாகத்தான். பேரன் தன் புதுக் கைக் கடிகாரத்தை விளையாட்டாகப் பாட்டியின் கையில் கட்டினான். "நாடி ஒழுங்காக இல்லை, டாக்டரைப் பார்க்கவும்" என்று கடிகாரம் சொல்லி விட்டது. ஈ.சி.ஜி. எடுத்ததும் ஊர்ஜிதமாயிற்று.

காரணம் என்ன? வயது ஒன்று. நெடுநாளைய ரத்தக் கொதிப்பு இன்னொன்று. இதைத்தான் டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். சர்க்கரை, உடல் பருமன், குடி, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சுத் தடைப்படுவது, தைராய்டு அதிகமாகச் சுரப்பது. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அளவுக்கு மேல் சாப்பிட்டாலும் வரும். நம் நாட்டில் இன்னும் ஒன்று உண்டு. சிறு வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாக வந்து போகிற ருமாட்டிக் ஜுரம் இருதய வால்வைக் கெடுத்து வைத்து விட்டுப் போகும். அப்படிப்பட்ட பெண்களுக்கு முப்பது வயதிலேயே, பிள்ளைப்பேறு சமயத்திலேயே கூட இந்த நடுக்கம் வரலாம்.

சரி, நடுங்கினால் நடுங்கி விட்டுப் போகட்டுமே? ஆபத்து நடுக்கத்தில் மட்டும் இல்லை. இடது மேலறையோடு ஒட்டிக் கொண்டு காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை தொங்குகிறது. மேலறை சுருங்காதபோது அந்தப் பையில் ரத்தம் தேங்குகிறது. ஓடாத தண்ணீரில் பாசி பிடிப்பது போல, தேங்கின ரத்தம் உறைந்து கட்டி தட்டுகிறது. அந்தக் கட்டி என்றைக்காவது நழுவிப் புறப்பட்டால், நேரே மூளைக்கு ராஜபாட்டை! அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற ஊரில் ஜனங்களைப் பல்லாண்டு காலம் தொடர்ந்து பரிசோதித்த டாக்டர்கள், இந்த வியாதி உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் சாத்தியம் சுமார் ஐந்து மடங்கு என்று 1991-ல் வெளியிட்டார்கள்.

"உங்கள் பெரியம்மாவுக்குப் படபடப்பு நின்றது, வியாதி நிற்கவில்லை. சில பேருக்கு அது வந்து வந்து போகும். சத்தமில்லாமலும் வரும். கட்டி தட்டுவதற்கும் படபடப்புக்கும் சம்பந்தம் கிடையாது" என்றார் டாக்டர்.

இளநீரில் இருப்பதும் இல்லாததும்

அப்படியானால் அந்த உப்புச் சத்து விஷயம் சுத்தப் பொய்யா? இல்லை. அதில்தான் சங்கடமே. முழுப் பொய்யாக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இருதயத் தசையின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டி மின்சார பாட்டரி. அதற்குள்ளே பொட்டாசியம், வெளியே சோடியம். துடிக்கும்போதெல்லாம் இவை உள்ளும் புறமும் மாறிக் கொள்கின்றன. மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டு போய் விடும் பம்புக்கு மக்னீசியம் வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-லிருந்து 5 வரை இருப்பது சகஜம். அதற்குக் கீழே இறங்கினால் இருதயம் தாளம் தப்புவது சுலபம். நாலு நாள் வயிற்றுப் போக்கு, ஓயாத வாந்தி, ரத்தக் கொதிப்புக்காகச் சாப்பிடும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எல்லாம் பொட்டாசியத்தை அடித்துக் கொண்டு போய் விடும், மக்னீசியத்தையும்தான். வருஷக் கணக்கில் நெஞ்செரிச்சல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மக்னீசியம் குறையும். மக்னீசியம் குறைந்திருக்கும்போது பொட்டாசியத்தை எவ்வளவு கொடுத்தாலும் உடம்பில் தங்காது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

ஆகவே குறைந்திருந்தால் சரி செய்யத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் நாடி தறிகெட்டு ஓடும்போது மக்னீசியத்தை நரம்பு வழியாக ஏற்றுவதும் உண்டு. வேகம் குறைய அது உதவுகிறது. ஆனால் குறைவே இல்லாதவருக்கு மேலும் மேலும் கொடுத்தால் வியாதி போய் விடுமா? 2024-ல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஒரு பரீட்சை முடிந்தது. பைபாஸ் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அடுத்த சில நாட்களில் இந்த மேலறை நடுக்கம் அடிக்கடி வரும். அதைத் தடுக்கப் பொட்டாசியத்தை 4.5-க்குக் குறையாமல் ஏற்றிக் கொண்டே இருப்பது வழக்கம். 1,690 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அப்படியே செய்தார்கள், மற்றவர்களுக்கு 3.6-க்குக் கீழே போனால் மட்டும் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் நடுக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வந்தது! மக்னீசியம் மாத்திரையை வாயால் விழுங்கி இந்த வியாதியைக் குணப்படுத்தியதாக நம்பத் தகுந்த பரீட்சை எதுவும் இல்லை.

முக்கியமாக, இளநீரில் என்னதான் இருந்தாலும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் சரக்கு அதில் இல்லை.

அது மட்டுமல்ல, அதிகமானாலும் ஆபத்து. ஒரு டம்ளர் இளநீரில் 400-லிருந்து 600 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கிறது. நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 400. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இது ஒரு பொருட்டில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கும், ரத்தக் கொதிப்புக்கும் இருதய பலவீனத்துக்கும் கொடுக்கிற சிலவகை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவருக்கும் பொட்டாசியம் வெளியே போகாமல் சேர்ந்து கொண்டே போகும். 6-ஐத் தாண்டினால் இருதயமே நின்று விடக் கூடும். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கிறார்களே, அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் அப்படிப்பட்ட உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் பக்கவாதம் குறைந்தது என்று 2021-ல் தெரிய வந்தது. நல்ல சமாசாரம்தான். ஆனால் கடுமையான சிறுநீரக வியாதி உள்ளவர்களை அந்தப் பரீட்சையில் சேர்க்கவே இல்லை. மாமனாருக்கு நல்லது என்று எண்ணி டப்பாவை மாற்றி வைப்பதற்கு முன், அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டை டாக்டரிடம் காட்டி விடுங்கள்.

அடுப்பங்கரையில் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். ஆனால் மாத்திரை டப்பாவை விடச் சாதாரணமான காரியங்கள்.

முதலில் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. குழம்பிலும் ரசத்திலும் போடுகிற உப்பை மட்டும் கணக்கில் எடுத்துக் கொண்டால் பிரயோஜனமில்லை. ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், வடாம், கருவடாம், கடையில் வாங்கும் மிக்ஸர் எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்து கொண்டிருக்கிறது. மோர் சாதத்துக்கு மாவடு இல்லாமல் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை. ஒன்றை நாலு துண்டாக்கிக் கொள்ளலாம்.

மக்னீசியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் மாவில் சுமார் 140 மில்லிகிராம். கம்பு, எள், கொண்டைக் கடலை, வேர்க்கடலை, கீரை எல்லாவற்றிலும் தாராளம். வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகு தோசையும் ஒரு கைப்பிடி சுண்டலும் உள்ள வீட்டில் மக்னீசியம் மாத்திரைக்குப் பெரும்பாலும் வேலையில்லை.

உடம்பின் எடை இன்னொரு விஷயம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்து டாக்டர்கள், பருமனான நோயாளிகளைச் சுமார் ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்து 2015-ல் எழுதினார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து, அதை அப்படியே காப்பாற்றியவர்களுக்கு, நடுக்கம் திரும்பாமலிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. எந்தச் சத்து மாத்திரையும் இந்த அளவுக்குச் செய்ததில்லை. மெல்போர்னில் 2020-ல் வெளியான இன்னொரு பரீட்சையில், வழக்கமாகக் குடிக்கிறவர்கள் மதுவை நிறுத்தியபோதும் நடுக்கம் குறைந்தது. வீட்டு ஆண்களிடம் இந்தப் பாராவை உரக்கப் படித்துக் காட்டலாம்.

மீன் எண்ணெய் இருதயத்துக்கு நல்லது என்று மாத்திரையாக வாங்கி விழுங்குகிறார்கள் அல்லவா? 2018-லும் 2020-லும் வெளியான இரு பெரிய பரீட்சைகளில், அதிக அளவில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த நடுக்கம் அதிகமாகத்தான் வந்தது. மீன் சாப்பிடுகிறவர்கள் மீனையே சாப்பிடட்டும்.

இனி, பெரியம்மாவின் பெரிய துக்கத்துக்கு வருகிறேன். வியாதி தெரிந்த அன்றே உறவினர் எல்லோரும் கூடி அவளுடைய காப்பியை நிறுத்தி விட்டார்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை, நாங்களே நிறுத்தினோம். ஒன்றரை வருஷம் அவள் சுக்குத் தண்ணீரைக் குடித்துக் கொண்டு, அடுத்த வீட்டு டிகாக்ஷன் வாசனையில் பெருமூச்சு விட்டாள். 2025 நவம்பரில் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஒரு பரீட்சையின் முடிவு வந்தது. மின் அதிர்ச்சி கொடுத்து நாடியை ஒழுங்குபடுத்திய, காப்பிப் பழக்கமுள்ள 200 பேர். பாதிப் பேர் தினம் ஒரு கப்பாவது காப்பி குடிக்க வேண்டும். மீதிப் பேர் தொடவே கூடாது. ஆறு மாதத்தில் காப்பியை விட்டவர்களில் 64 சதவிகிதம் பேருக்கு நடுக்கம் திரும்பிற்று. குடித்தவர்களில் 47 சதவிகிதம்தான்! இதைக் கொண்டு காப்பியை மருந்தாக்கி விடக் கூடாது. காப்பி குடித்ததும் படபடக்கிறது என்று தாமே உணர்கிறவர்கள் விலகியிருப்பதே நல்லது. ஆனால் ஒன்றரை வருஷத்துச் சுக்குத் தண்ணீருக்கு நாங்கள் எல்லோரும் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

பசு மாட்டுக்கு வந்த நோய்

சிகிச்சையில் டாக்டர்கள் பார்ப்பது மூன்று விஷயங்கள். ரத்தம் உறையாமல் தடுப்பது முதலாவது. மற்ற இரண்டையும் பிறகு பேசலாம். ஏனென்றால் முதலாவதற்கு ஒரு சுவையான கதை உண்டு.

1920-களில் அமெரிக்காவிலும் கானடாவிலும் பசுக்கள் காரணமில்லாமல் ரத்தம் கொட்டிச் செத்தன. கொம்பை அறுத்தால் போதும், ரத்தம் நிற்காது. பூஞ்சணம் பிடித்த ஒரு வகைத் தீவனப் புல்தான் காரணம் என்று மட்டும் தெரிந்தது. 1933 பிப்ரவரியில், கடும் பனிப் புயலில், விஸ்கான்ஸின் மாகாணத்து விவசாயி ஒருவர் செத்த கிடேரியையும், உறையாத ரத்தம் நிறைந்த ஒரு பால் பாத்திரத்தையும், ஒரு கட்டுப் புல்லையும் வண்டியில் போட்டுக் கொண்டு சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற ரசாயன ஆசிரியரின் கண்ணில் பட்டார். லிங்கும் அவருடைய மாணவர்களும் ஆறு வருஷம் பாடுபட்டு அந்தப் புல்லிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வம்சத்தில் வந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு மருந்தாயிற்று. மறு வருஷம் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே கொடுத்தார்கள். "எலி பாஷாணத்தையா எனக்குக் கொடுக்கிறாய்?" என்று கேட்கும் தாத்தாக்களுக்கு இந்த ஜனாதிபதி கதையைச் சொல்லலாம்.

வார்ஃபரின் நல்ல மருந்து. ஆனால் கோபக்கார மாப்பிள்ளை மாதிரி. சற்றுக் குறைந்தால் பலனில்லை, சற்று மிஞ்சினால் ரத்தப் போக்கு. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் சாதாரணமாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையில் உள்ள 'கே' வைட்டமின் அதை எதிர்க்கும். உடனே "கீரையே கூடாது" என்று ஆரம்பித்து விடுகிறார்கள். அப்படியல்ல. வாரத்தில் இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்து விட்டு, அடுத்த மாதம் தினம் முருங்கைக் கீரை என்றால்தான் அளவு கெடும்.

2010-லிருந்து புது மாத்திரைகள் வந்திருக்கின்றன. டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் என்று பெயர்கள். கீரைக் கணக்கு வேண்டாம், மாதாமாதம் ஐ.என்.ஆர். வேண்டாம். சிறுநீரகத்தைப் பார்த்து அளவு வைப்பார்கள். நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன. ஆனால் ருமாட்டிக் ஜுரத்தால் வால்வு சுருங்கியவர்களுக்குப் பழைய வகை மருந்தே மேல் என்று 2022-ல் 4,500-க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடத்திய பரீட்சையில் நிரூபணமாயிற்று. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழையதுதான். பக்கத்து வீட்டு அம்மாள் புது மாத்திரைக்கு மாறி விட்டாள், நாமும் மாறுவோம் என்று கிளம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

"ஆஸ்பிரின் போதாதா?" என்று கேட்டேன். "போதாது" என்றார் டாக்டர். 2011-ல் அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் 5,599 பேரிடம் ஒப்பிட்டார்கள். புது மாத்திரையில் பக்கவாதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று; பெரிய ரத்தப் போக்கு ஏறக்குறைய சமம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் பரீட்சையைப் பாதியிலேயே முடித்து விட்டார்கள்.

பெரியம்மா ஏன் நிறுத்தினாள் என்பதை ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் சொன்னாள். பேத்தி கல்யாணத்துக்குக் காய் நறுக்கும்போது அரிவாள்மனையில் விரல் பட்டு, அரை மணி ரத்தம் நிற்கவில்லை. முன்கையில் கருநீலத் திட்டுக்கள். "கல்யாண வீட்டில் எல்லாரும் கேட்டா. பயமாயிருந்தது. டாக்டர்கிட்டே சொன்னாத் திட்டுவார்னு சொல்லலை" என்றாள்.

அவர் திட்டியிருக்க மாட்டார். மூட்டு வலிக்காக அவள் கடையில் தானே வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையைப் பற்றித்தான் கேட்டிருப்பார். அந்த வலி மாத்திரையும் ரத்தம் உறையாத மாத்திரையும் சேர்ந்தால் ரத்தப் போக்கு அதிகமாகும். நிறுத்தியிருக்க வேண்டியது வலி மாத்திரையை! புது மாத்திரைகளின் காவல் ஓரிரு நாளில் தீர்ந்து போகும். பல் பிடுங்குவதானாலும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை கூட விடக் கூடாது.

வேகமும் தாளமும்

இரண்டாவது விஷயம், நாடியின் வேகத்தைக் குறைப்பது. அதற்குப் பல மாத்திரைகள் உண்டு. மிகப் பழையது டிஜிடாலிஸ். 1785-ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர், ஒரு கிழவியின் கை மருந்திலிருந்து பாக்ஸ்கிளவ் என்னும் செடியைப் பற்றி அறிந்து எழுதினார். அந்த வம்சத்து டிஜாக்ஸின் இன்றும் இருக்கிறது. பொட்டாசியம் குறைந்திருக்கும்போது அது விஷமாகும். நம் ஊர் அரளியிலும் இதே ஜாதி விஷம்தான். நாட்டு மருந்து என்று யாராவது அரளியைச் சொன்னால் காதைப் பொத்திக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, தாளத்தையே திரும்பக் கொண்டு வருவது. 1912-ல் வென்கபாக் என்ற டச்சு டாக்டரிடம் ஒரு வியாபாரி வந்தார். "இதை நிறுத்த எங்களுக்கு வழி தெரியாது" என்று டாக்டர் கைவிரித்தார். "எனக்குத் தெரியும். நாளைக்கு ஒழுங்கான நாடியோடு வருகிறேன்" என்று சொல்லி விட்டுப் போய், அப்படியே வந்து நின்றார். மலேரியாவுக்குச் சாப்பிடும் கொயினாவை விழுங்கியிருந்தார்! தாளத்துக்கென்று மருந்து தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 1962-ல் பெர்னார்ட் லோன் மின் அதிர்ச்சி முறையைக் கொண்டு வந்தார். 1998-ல் பிரான்ஸில் போர்டோ நகரத்து டாக்டர்கள், நடுக்கத்தைக் கிளப்பும் பொறி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இருதயத்துக்கு வரும் ரத்தக் குழாய்களின் வாயிலில் இருப்பதைக் கண்டார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த வாயிலைச் சுற்றிச் சுட்டு, அல்லது உறைய வைத்து, வேலி போடுவதுதான் இன்றைய அப்லேஷன் சிகிச்சை.

எது நல்லது, வேகமா தாளமா? 2002-ல் 4,060 பேரிடம் பார்த்தபோது ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் வயதானவர்களுக்கு வேகத்தைக் குறைத்தால் போதும் என்று இருந்து விட்டார்கள். 2020-ல் இன்னொரு பரீட்சை வந்தது. வியாதி தெரிந்த ஒரு வருஷத்துக்குள்ளேயே தாளத்தைச் சீராக்க முயன்றால் பக்கவாதமும் இருதய மரணமும் குறைகின்றன என்று அது காட்டிற்று. ஆகையால் இந்தக் கேள்வியை ஆரம்பத்திலேயே டாக்டரிடம் கேட்டு விடுவது நல்லது. அப்லேஷன் செய்தாலும் சிலருக்குத் திரும்ப வரும், செலவும் அதிகம். செய்த பிறகும், பக்கவாத அபாயம் உள்ளவர்கள் ரத்தம் உறையாத மாத்திரையைத் தொடரத்தான் வேண்டும்.

பெரியம்மா அப்லேஷன் வேண்டாம் என்று விட்டாள். டாக்டரும் வற்புறுத்தவில்லை. காலையும் இரவும் ஒரு மாத்திரை, வேகத்துக்கு ஒன்று, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று. மாதம் ஒரு முறை பேரன் டப்பாவில் நாள்வாரியாகப் போட்டு வைக்கிறான். வலி மாத்திரை போய் விட்டது. மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம். இளநீர் வாரத்துக்கு ஒன்று, ஆசைக்கு.

இதை எழுதிக் கொண்டிருக்கும்போது போன வெள்ளிக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். வாசலில் பதினைந்து புள்ளி, இழை கோணாமல். கையில் டபரா டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். காப்பியை முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினாள். தினம் நடக்கிற காரியமாம். காலண்டர் தாளில் எண்ணைக் குறித்து வைத்து விட்டு, "உன் கையைக் கொடு" என்றாள்.

கொடுத்தேன். மறுபடி ஒரு நிமிஷம்.

"எண்பத்தெட்டு. தாளம் சரியா இருக்கு. வேகம்தான் ஜாஸ்தி. ராத்திரி கண் முழிச்சு எழுதினயா?"